நம்பாமல் அளந்தவர்: ராபர்ட் மில்லிகனும் ஒளிமின் உமிழ்வும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் இயற்பியலை ஆங்கிலத்தில்தான் படிக்கிறோம்; தமிழ், தாய்மொழிப் பாடத்தோடு நின்றுவிடுகிறது. ஆனாலும் துணைப்பாட வகுப்பு முடிந்து வெளியே வரும் பிள்ளையிடம் தாத்தா “இன்றைக்கு என்ன படித்தாய்?” என்று கேட்கும்போது, பதில் தமிழில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. தொடக்கக் கல்லூரி மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் இயற்பியல் கற்பித்த காலத்தில், மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் தமிழில் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கலைச்சொற்களைத் தமிழ்நாட்டுப் பாடநூல்களிலிருந்து எடுத்துக்கொண்டேன். வகுப்பில் ‘ஒர்க் ஃபங்ஷன்’ என்று படிப்பது இங்கே வெளியேற்று ஆற்றல். ‘ஸ்டாப்பிங் பொட்டென்ஷியல்’ என்பது நிறுத்து மின்னழுத்தம்.

ஒளிமின் உமிழ்வு என்றால் என்ன? அதில் அப்படி என்ன புதிர் இருந்தது?

ஓர் உலோகத்தின் மேல் தகுந்த ஒளி விழும்போது அதிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேறுகின்றன. 1887ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் ஹைன்ரிச் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளைத் தேடிக்கொண்டிருந்தபோது, பொறி பறக்கும் இடைவெளியின் மீது புற ஊதாக் கதிர் பட்டால் பொறி எளிதாகப் பாய்வதைத் தற்செயலாகக் கண்டார். இடையில் கண்ணாடியை வைத்தால் அந்த விளைவு மறைந்தது. குவார்ட்ஸ் தகட்டை வைத்தால் மறையவில்லை. அடுத்த ஆண்டில் வில்ஹெல்ம் ஹால்வாக்ஸ், எதிர்மின்னூட்டம் ஏற்றிய துத்தநாகத் தகடு புற ஊதா ஒளியில் தன் மின்னூட்டத்தை இழப்பதைக் காட்டினார்.

புதிர் 1902இல் ஃபிலிப் லெனார்டின் அளவீடுகளோடு கூர்மையடைந்தது. விளக்கைத் தகட்டுக்கு அருகில் கொண்டுபோனால் வெளியேறும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை கூடியதே தவிர, ஒவ்வொன்றும் கொண்டிருந்த பெரும வேகம் கூடவில்லை. பெரிய அலை கரையை வேகமாக மோதும் என்பதுபோல, வலிய ஒளி எலக்ட்ரானை வேகமாகத் தள்ளும் என்பதே அலைக்கொள்கையின் எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்பு பொய்த்தது.

மில்லிகன் யார்?

ராபர்ட் ஆண்ட்ரூஸ் மில்லிகன் 1868ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் தேதி அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள மாரிசன் என்னும் சிற்றூரில் பிறந்து, அயோவா மாநிலத்தில் வளர்ந்தார். ஓபர்லின் கல்லூரியில் அவருக்குப் பிடித்த பாடம் இயற்பியல் அன்று, கிரேக்க மொழி. அவருடைய கிரேக்கப் பேராசிரியரே ஆயத்தப் பள்ளி மாணவர்களுக்கு இயற்பியல் கற்பிக்குமாறு அவரைக் கேட்டார் என்றும், தனக்கு இயற்பியலே தெரியாது என்று மறுத்தபோது, என் கிரேக்க வகுப்பில் நன்றாகத் தேறியவரால் இயற்பியல் கற்பிக்க முடியும் என்று அவர் பதிலளித்தார் என்றும் மில்லிகன் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். தமிழ் மதிப்பெண் இயற்பியலுக்கு எதற்கு என்று என்னிடம் கேட்கும் பெற்றோருக்கு இந்தக் கதையை நான் தவறாமல் சொல்வதுண்டு.

1895இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். ஜெர்மனியில் ஓராண்டு இருந்துவிட்டு, 1896இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் மைக்கல்சனிடம் உதவியாளராகச் சேர்ந்தார். முதல் பத்து ஆண்டுகளின் பெரும்பகுதி கற்பிப்பதிலும் பாடநூல் எழுதுவதிலும் கழிந்தது. நாற்பது வயதை நெருங்கும்போது குறிப்பிடத்தக்க ஆய்வு எதுவும் தன்னிடம் இல்லை என்ற கவலை அவருக்கு இருந்தது. அதன் பிறகுதான் எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்த எண்ணெய்த்துளிச் சோதனையும், ஒளிமின் உமிழ்வுச் சோதனையும் வந்தன.

ஒளிமின் உமிழ்வைப் பேசும்போது லெனார்டை விட்டுவிட்டு மில்லிகனைத் தேர்ந்தெடுத்தது ஏன்?

லெனார்டின் 1902ஆம் ஆண்டு அளவீடு அடிப்படையானது. அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. அவர் பின்னாளில் நாஜிக் கட்சியின் தீவிர ஆதரவாளராகி ஐன்ஸ்டைனை யூதர் என்பதற்காகவே வெறுத்த கதை தனிக் கட்டுரைக்கு உரியது. மில்லிகனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வேறு: தான் தவறென்று நினைத்த ஒரு சமன்பாட்டைச் சரியென்று தன் கையாலேயே நிறுவியவர் அவர்.

ஐன்ஸ்டைன் 1905இலேயே சமன்பாட்டைச் சொல்லிவிட்டாரே, சரிபார்க்க ஏன் அத்தனை ஆண்டுகள் ஆயின?

ஐன்ஸ்டைன் சொன்னது எளிமையானது. ஒளி, அதிர்வெண்ணைப் பிளாங்க் மாறிலி என்னும் நிலையான எண்ணால் பெருக்கிவரும் அளவுள்ள ஆற்றல் பொட்டலங்களாக வருகிறது. ஒரு பொட்டலத்தை ஓர் எலக்ட்ரான் முழுவதுமாக வாங்கிக்கொண்டு, உலோகத்தை விட்டு வெளியேற ஒரு பகுதியைச் செலவிட்டு, மிச்சத்தை வேகமாக வைத்துக்கொள்கிறது. செலவிடும் அந்தக் குறைந்தபட்சப் பகுதியே வெளியேற்று ஆற்றல். அப்படியானால், மிக வேகமான எலக்ட்ரானையும் தடுத்து நிறுத்தத் தேவைப்படும் நிறுத்து மின்னழுத்தத்தை அதிர்வெண்ணுக்கு எதிராக வரைந்தால் ஒரு நேர்கோடு வரவேண்டும். அந்தக் கோட்டின் சாய்வு எல்லா உலோகங்களுக்கும் ஒன்றாகவே இருக்கவேண்டும்.

தாளில் இரண்டு வரியில் முடிவது ஆய்வுக்கூடத்தில் முடியாது. ஒளிமின் உமிழ்வு உலோகத்தின் மேற்பரப்பில் சில அணுக்களின் ஆழத்தில் நடக்கும் செயல். அந்தப் பரப்பில் ஆக்சைடோ நீராவியோ மெல்லியதாகப் படிந்தாலும் வெளியேற்று ஆற்றல் மாறிவிடும். ஒரு மில்லிமீட்டர் பாதரச உயரத்தின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அழுத்தம்வரை காற்றை இறைத்துவிட்டாலும், மிச்சமிருக்கும் வாயு மூலக்கூறுகள் ஏறத்தாழ ஒரு விநாடியில் தூய பரப்பை ஓர் அடுக்கு மூடிவிடக்கூடும். காலையில் எடுத்த அளவு மாலையில் ஒத்துப்போகாது. 1912ஆம் ஆண்டில் ஆர்தர் ஹியூஸ், பின்பு ஓவன் ரிச்சர்ட்சனும் கார்ல் காம்ப்டனும் நேர்கோட்டுக்குச் சாதகமான முடிவுகளை வெளியிட்டிருந்தார்கள். ஆனால் அவர்கள் எடுத்த அதிர்வெண்களின் வீச்சு குறுகியது, கிடைத்த மாறிலியும் சிதறிக் கிடந்தது. விவாதம் முடியவில்லை.

வெற்றிடத்துக்குள் பட்டறை வைத்தார் என்கிறார்களே, அது என்ன?

மில்லிகனே தன் கருவியை அப்படித்தான் அழைத்தார். என்னைக் கேட்டால், இந்தச் சோதனையின் உயிர் அதில்தான் இருக்கிறது. காற்று நீக்கிய கண்ணாடிக் கலத்துக்குள் ஒரு சிறு சக்கரம். அந்தச் சக்கரத்தில் சோடியம், பொட்டாசியம், லித்தியம் ஆகிய உலோகங்களின் உருளைகள். அதே கலத்துக்குள் ஒரு கத்தி. கலத்தைத் திறக்காமலேயே, வெளியே இருக்கும் மின்காந்தத்தின் உதவியால் சக்கரத்தைத் திருப்பலாம், கத்தியை முன்னே தள்ளலாம், சுழற்றலாம், உருளையின் முகத்திலிருந்து மெல்லிய சீவலைச் சீவி எடுக்கலாம். தேங்காய்ப் பத்தையின் தோலைச் சீவியதும் வெள்ளை முகம் தெரிவதுபோல, ஒவ்வொரு சீவலுக்குப் பின்னும் காற்றையே காணாத புதிய உலோக முகம் கிடைக்கும்.

சீவிய முகத்தை முதலில் ஒளிவரும் திசைக்குத் திருப்புவார். பாதரச விளக்கின் ஒளியை நிறமாலையாகப் பிரித்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு கோட்டை மட்டும் உள்ளே விடுவார். வெளியேறும் எலக்ட்ரான்களைப் பிடிக்க, ஆக்சைடு படியவைத்த செம்புக் கம்பிவலை உருளை ஒன்று இருந்தது. செம்பை ஏன் ஆக்சைடாக்க வேண்டும் என்றால், உலோகத்திலிருந்து தெறிக்கும் ஒளி அந்த வலையின் மேல் படும்போது அதிலிருந்தும் எலக்ட்ரான்கள் புறப்பட்டுவிட்டால் கணக்கு கெட்டுவிடும். பயன்படுத்திய ஒளிக்கு ஆக்சைடு அசையாது. பிறகு அதே முகத்தை இன்னொரு பக்கம் திருப்பி, ஒரு செம்புத் தகட்டுக்கு எதிரே நிறுத்தி, இரண்டுக்கும் இடையே இயல்பாகவே உள்ள தொடு மின்னழுத்தத்தை அளப்பார். உலோகத்தைச் சீவுவது, ஒளிமின்னோட்டத்தை அளப்பது, தொடு மின்னழுத்தத்தை அளப்பது ஆகிய மூன்றும் ஒரே கலத்தில், ஒரே முகத்தில், சிறிது நேரத்துக்குள் முடிந்துவிடும்.

இத்தனையும் நடந்த காலத்தில் இன்றைய வெற்றிடப் பம்புகள் இல்லை. கண்ணாடி ஊதும் கைவினைஞரின் திறமையில்தான் சோதனை நின்றது.

ஏன் சோடியம்? பள்ளியில் துத்தநாகத் தகட்டைத்தானே காட்டுகிறார்கள்?

துத்தநாகத்தின் வெளியேற்று ஆற்றல் ஏறத்தாழ 4.3 எலக்ட்ரான் வோல்ட் (எலக்ட்ரான் அளவிலான ஆற்றலை அளக்கும் அலகு). 290 நானோமீட்டருக்குக் கீழே உள்ள புற ஊதா ஒளிதான் அதை அசைக்கும். சோடியத்துக்கு ஏறத்தாழ 2.3 எலக்ட்ரான் வோல்ட் போதும் என்பதால், பாதரச விளக்கின் 546 நானோமீட்டர் பச்சைக் கோட்டின் அருகிலிருந்து ஆழ்ந்த புற ஊதா வரை நீண்ட வீச்சில் அளக்க முடிகிறது. கோட்டின் இரு முனைகளும் தொலைவில் இருந்தால்தான் சாய்வை நம்பலாம். 1912ஆம் ஆண்டு முடிவுகளின் குறை இங்கேதான் தீர்ந்தது. காற்றில் வைத்தால் சோடியம் நொடியில் மங்கிவிடும் என்பதால்தான் வெற்றிடமும் கத்தியும் தேவைப்பட்டன.

துத்தநாகத் தகட்டைப் பற்றி ஒரு சொல். அதை மின்னூட்டங்காட்டியின் மேல் வைத்து, எதிர்மின்னூட்டம் ஏற்றி, புற ஊதா விளக்கைக் காட்டினால் மின்னூட்டங்காட்டியின் மெல்லிய உலோக இலை சரியும், அழகான செயல்விளக்கம். ஆனால் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டைத் தொடும் நம் ஊரில், விளக்கை ஏற்றும் முன்னரே இலை தானாகச் சரிந்துவிடும். காப்புப் பகுதியின் மேல் படியும் நீர்ப்படலம் மின்னூட்டத்தைக் கசியவிடுகிறது. குளிர்சாதனத்தை ஒரு மணி நேரம் முன்பே போட்டு, காப்புப் பகுதியை முடியுலர்த்தியால் உலர்த்தி, தகட்டை உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்த பிறகே நான் வகுப்பைத் தொடங்குவேன். தேய்க்க மறந்த நாளில் இலை அசையவே இல்லை. முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் அசடு வழிய நின்றேன்.

பிளாங்க் மாறிலி அவருக்கு எவ்வளவு கிடைத்தது? எவ்வளவு துல்லியம்?

1916இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் தந்த மதிப்பு, இன்றைய அலகில் சொன்னால், 6.57 × 10⁻³⁴ ஜூல் விநாடி. இன்று ஏற்கப்பட்ட மதிப்பு 6.626 × 10⁻³⁴. வேறுபாடு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வரைபடத்தின் சாய்வு பிளாங்க் மாறிலியை நேரே தருவதில்லை. அதை எலக்ட்ரானின் மின்னூட்டத்தால் வகுத்துக் கிடைக்கும் ஈவைத்தான் தருகிறது. ஆகவே மின்னூட்டத்தின் மதிப்பு தேவை. அதை மில்லிகன் தன் எண்ணெய்த்துளிச் சோதனையிலிருந்தே எடுத்துக்கொண்டார். அந்த மதிப்பு ஏறத்தாழ 0.6 விழுக்காடு குறைவு. காற்றின் பாகுநிலைக்கு அவர் பயன்படுத்திய எண் சற்றே பிழையானது என்பது 1930களில்தான் தெரியவந்தது. அந்தப் பிழையைக் கழித்துவிட்டுக் கணக்கிட்டால், ஒளிமின் சாய்வு மட்டும் இன்றைய மதிப்புக்குக் கால் விழுக்காடு அளவில் நெருங்கி நிற்கிறது. கத்தி தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. பிழை வந்தது வேறொரு மேசையிலிருந்து.

எங்கள் ஆய்வுக்கூடக் கருவியில் சாய்வு சரியாக வருகிறது. ஆனால் கோடு அச்சை வெட்டும் இடமான வெட்டுத்துண்டிலிருந்து கிடைக்கும் வெளியேற்று ஆற்றல் பாடநூல் எண்ணோடு ஒத்துப்போவதில்லை. நாங்கள் என்ன தவறு செய்கிறோம்?

பெரும்பாலும் ஒரு தவறும் செய்யவில்லை. பாடநூல்தான் ஒரு செய்தியைச் சொல்லாமல் விடுகிறது. உமிழும் தகடும் சேகரிக்கும் மின்முனையும் வெவ்வேறு பொருள்கள். அவற்றைக் கம்பியால் இணைத்த உடனே, மின்கலம் எதுவும் இல்லாமலேயே, அவற்றின் இடையே ஒரு மின்னழுத்தம் தோன்றிவிடுகிறது. அதன் அளவு இரண்டின் வெளியேற்று ஆற்றல்களின் வேறுபாடு. ஆகவே வோல்ட்மீட்டர் காட்டும் எண், எலக்ட்ரான் உண்மையில் ஏறும் மேடு அன்று.

எடுத்துக்காட்டாக, உமிழும் சோடியத்துக்கு 2.3 எலக்ட்ரான் வோல்ட், சேகரிக்கும் முனைக்கு 4.5 எலக்ட்ரான் வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். 365 நானோமீட்டர் ஒளியின் ஒரு பொட்டலத்தில் ஏறத்தாழ 3.4 எலக்ட்ரான் வோல்ட் உண்டு. சோடியத்தை விட்டு வெளியேறிய எலக்ட்ரானிடம் மிச்சம் 1.1. ஆனால் அதன் முன்னே 2.2 வோல்ட் மேடு ஏற்கெனவே எழுந்து நிற்கிறது. எலக்ட்ரானை நிறுத்துவது இருக்கட்டும், சேகரிப்பானை எட்டவைப்பதற்கே நாம் 1.1 வோல்ட் உதவி கொடுக்க வேண்டும்! கணக்கைக் கூட்டிப் பார்த்தால், சோடியத்தின் வெளியேற்று ஆற்றல் இருபுறமும் அடிபட்டுப்போய், வெட்டுத்துண்டில் எஞ்சுவது சேகரிப்பானின் வெளியேற்று ஆற்றலே. உமிழும் உலோகத்தின் அடையாளம், எலக்ட்ரானை வெளியேற்றத் தேவையான குறைந்தபட்ச அதிர்வெண்ணான பயன்தொடக்க அதிர்வெண்ணில் மட்டும்தான் தங்கியிருக்கிறது.

மில்லிகன் தொடு மின்னழுத்தத்தைத் தனியாக அளந்ததன் காரணம் இதுவே. சோதனை நடக்கும்போது அது மாறாமல் இருந்தால் சாய்வு கெடாது. பரப்பு அழுக்காகி அது நகர்ந்துகொண்டே போனால் சாய்வும் கெடும். உங்கள் கருவியில் இன்னொரு தொல்லையும் உண்டு: உமிழும் பொருள் காலப்போக்கில் ஆவியாகிச் சேகரிப்பான் மேலும் படிந்து, அதிலிருந்தும் எதிர்த்திசையில் மின்னோட்டம் பாயும். மின்னோட்டம் சுழியாகும் புள்ளியை நிறுத்து மின்னழுத்தம் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாதீர்கள்.

இவ்வளவு செய்தவர் ஒளித்துகளை நம்பினாரா?

நம்பவில்லை. 1916ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே, சமன்பாடு துல்லியமாகப் பொருந்துகிறது என்று அறிவித்துவிட்டு, அந்தச் சமன்பாட்டின் பின்னால் இருந்த ஒளித்துகள் கருதுகோளைத் துணிச்சலானது, ஏன், பொறுப்பற்றது என்றே சொல்லலாம் என்ற பொருளில் எழுதினார். அது பிடிவாதம் அன்று. ஒளியின் குறுக்கீட்டு விளைவையும் விளிம்பு விலகலையும் அலைக்கொள்கை அவ்வளவு அழகாக விளக்கியிருந்த காலத்தில், ஒரே ஒரு விளைவுக்காக அதைக் கைவிடுவது எளிதன்று. பிளாங்கே அப்போது அந்தக் கருதுகோளை ஏற்கவில்லை. ஆர்தர் காம்ப்டனின் எக்ஸ்-கதிர் சிதறல் சோதனை 1923இல் வந்த பிறகே பெரும்பாலோர் மனம் மாறினார்கள்.

ஆனால் மில்லிகனின் பிற்கால நினைவு வேறு கதை சொல்கிறது. 1949இல், ஐன்ஸ்டைனின் எழுபதாம் பிறந்தநாளையொட்டி எழுதியபோது, தன் வாழ்வில் பத்து ஆண்டுகளை அந்தச் சமன்பாட்டைச் சோதிப்பதில் செலவிட்டதாகவும், எதிர்பார்ப்புக்கு மாறாக அதன் உண்மையை ஒப்புக்கொள்ள நேர்ந்ததாகவும் சொன்னார். இது 1916ஆம் ஆண்டு எழுத்தோடு ஒத்துப்போகிறது. அடுத்த ஆண்டில் வெளிவந்த தன்வரலாற்றிலோ, 1915இலேயே தன் சோதனை ஐன்ஸ்டைனின் ஒளித்துகளைத் தவிர வேறு விளக்கத்துக்கு இடமே தரவில்லை என்று தனக்குத் தோன்றியதாக எழுதிவிட்டார். முதுமையில் நினைவு தன்னைத் தானே திருத்திக்கொள்வது இயல்புதான். ஆயினும் மில்லிகனைப் பொறுத்தவரை, அவருடைய எண்களை நம்பும் அளவுக்கு அவருடைய நினைவுகளை நான் நம்புவதில்லை.

நோபெல் பரிசு இதற்காகவா?

இதற்கும், எலக்ட்ரானின் மின்னூட்டத்துக்கும் சேர்த்து 1923இல் வழங்கப்பட்டது. ஐன்ஸ்டைனுக்கான 1921ஆம் ஆண்டுப் பரிசு ஒளிமின் விளைவின் விதிக்காக என்று குறிப்பிட்டு 1922இல் அறிவிக்கப்பட்டிருந்தது.

எண்ணெய்த்துளிச் சோதனையில் தரவுகளை மறைத்தார் என்பது உண்மையா?

1913ஆம் ஆண்டுக் கட்டுரையில் 58 துளிகளின் முடிவுகளைத் தந்து, அவை பொறுக்கி எடுத்தவை அல்ல, தொடர்ந்து அறுபது நாள்களில் அளந்த எல்லாத் துளிகளும் அவையே என்று எழுதினார். அவருடைய குறிப்பேடுகளை வரலாற்றாசிரியர் ஜெரால்ட் ஹோல்ட்டன் 1978இல் ஆராய்ந்தபோது, அளந்த துளிகள் அதைவிட அதிகம் என்பது தெரிந்தது. விட்டுவிட்டவற்றைச் சேர்த்தாலும் இறுதி மதிப்பு பெரிதாக மாறாது, பிழைவீச்சு மட்டுமே கூடும் என்று அவருக்காக வாதிடுவோர் இருக்கிறார்கள். மதிப்பு மாறாதிருக்கலாம், ‘எல்லாத் துளிகளும்’ என்ற சொல் உண்மையன்று. மாணவர் ஒருவர் செய்முறை ஏட்டில் அப்படி எழுதியிருந்தால் நான் மதிப்பெண்ணைக் குறைத்திருப்பேன்.

அவருடைய ஆய்வு மாணவர் ஹார்வி ஃபிளெட்சருக்கும் உரிய இடம் கிடைக்கவில்லை. எண்ணெயைப் பயன்படுத்திய முதல் வேலைகளில் பெரும்பங்கு ஆற்றிய ஃபிளெட்சர், அந்த வேலைகளைப் பற்றிய ஒரு கட்டுரையில் மில்லிகன் பெயர் மட்டும் இருக்கட்டும், வேறொன்றில் உன் பெயர் மட்டும் இருக்கட்டும் என்று மில்லிகன் ஏற்பாடு செய்ததை எழுதிவைத்தார். அது ஃபிளெட்சர் இறந்த பிறகு 1982இல் அச்சானது.

கால்டெக் அவர் பெயரை ஏன் நீக்கியது?

1921இல் கலிஃபோர்னியாவுக்குச் சென்று, கால்டெக் எனப்படும் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தை உலகத் தரத்துக்கு உயர்த்தியவர் மில்லிகன். மனித இனத்தை ‘மேம்படுத்துவது’ என்ற பெயரில் கட்டாயக் கருத்தடையை ஆதரித்த ஓர் அமைப்பின் பொறுப்பாளர்களில் ஒருவராகவும் அவர் இருந்தார். அதன் காரணமாக, அவர் பெயரைத் தன் கட்டடங்களிலிருந்து அகற்றுவதாக கால்டெக் 2021இல் அறிவித்தது. 1953இல் இறந்தவருக்கு அது இழப்பாகாது. அந்தக் கொள்கையால் பாதிக்கப்பட்டோரின் வழித்தோன்றல்களுக்கு அது பொருளுள்ளது.

அவருக்கும் நம் பகுதிக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா?

விண்ணிலிருந்து வரும் கதிர்களுக்குக் காஸ்மிக் கதிர் என்ற பெயரைச் சூட்டியவர் மில்லிகன். ஒளியைத் துகளாக ஏற்கத் தயங்கிய அதே மனிதர், காஸ்மிக் கதிர்கள் உயர் ஆற்றல் ஒளியே என்று நீண்ட காலம் வாதிட்டது வேடிக்கை. அவை பெரும்பாலும் மின்னூட்டம் கொண்ட துகள்கள் என்றால், பூமியின் காந்தப்புலம் அவற்றை நிலநடுக்கோட்டுப் பகுதியில் அதிகமாகத் திருப்பிவிடும். அங்கே செறிவு குறையவேண்டும். குறையவே செய்தது. அந்த வேறுபாட்டை உயரத்தில் அளப்பதற்காக 1939-40இல் தன் குழுவினருடன் அன்றைய இந்தியாவுக்கு வந்து, ஆக்ரா, பெஷாவர், பெங்களூரு ஆகிய இடங்களிலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டார்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடிக் கூரையில் உள்ள சூரியத் தகடுகள் ஒளிமின் விளைவால் இயங்குகின்றனவா?

உறவுமுறை உண்டு, ஒன்றேயல்ல. சூரியத் தகட்டில் எலக்ட்ரான் சிலிக்கானை விட்டு வெளியே வருவதில்லை. உள்ளேயே ஓர் ஆற்றல் படியிலிருந்து மேல் படிக்கு ஏறி, இரு வகைச் சிலிக்கான் சேரும் சந்தியைக் கடந்து மின்சுற்றில் சேருகிறது. தெங்கே நீர்த்தேக்கத்தில் 2021இல் திறக்கப்பட்ட 60 மெகாவாட் மிதக்கும் சூரியப் பண்ணைக்கும், மின்தூக்கிக் கதவு உங்கள் கையைக் கண்டதும் திறந்துகொள்வதற்கும் இதுவே அடிப்படை. எலக்ட்ரான் உண்மையிலேயே வெற்றிடத்துக்குள் பாயும் கருவி வேண்டுமென்றால் ஒளிப்பெருக்கிக் குழாயைப் பாருங்கள். மருத்துவமனைகளின் காமா கேமராக்களில் அது இருக்கிறது. ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே நியூட்ரினோ ஆய்வகத்தில் 11,000க்கும் மேற்பட்டவை நீர்த்தொட்டியைச் சுற்றி நிற்கின்றன.

சிங்கப்பூரில் இன்று ஒளிமின் உமிழ்வை ஆராய்கிறார்களா?

ஆம். கெண்ட் ரிட்ஜில் உள்ள சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் சின்க்ரோட்ரான் ஒளி மூலம் ஒன்று இருக்கிறது. மீக்கடத்துக் காந்தங்கள் 700 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரான்களை ஒரு சிறு வளையத்தில் வளைத்தோட்ட, அவை உமிழும் எக்ஸ்-கதிரைப் பொருள்களின் பரப்பில் பாய்ச்சி, வெளியேறும் எலக்ட்ரான்களின் ஆற்றலை ஆய்வாளர்கள் அளக்கிறார்கள். மில்லிகன் பெரும வேகத்தை மட்டும் அளந்தார். இன்று ஒவ்வோர் ஆற்றலிலும் எத்தனை எலக்ட்ரான்கள் என்ற முழு நிறமாலையே கிடைக்கிறது. அதைக் கொண்டு பரப்பில் என்னென்ன தனிமங்கள், எந்தப் பிணைப்பில் உள்ளன என்று சொல்லிவிட முடிகிறது. இந்த முறையை உயர்த்திய காய் சீபானுக்கு 1981இல் நோபெல் பரிசு கிடைத்தது.

இத்துறையினரின் நாளில் பெரும்பகுதி இன்றும் பரப்பைத் தூய்மையாக்குவதிலேயே கழிகிறது. கலத்தைப் பல மணி நேரம் சூடாக்கி, சுவரில் ஒட்டிய நீரை விரட்டி, மில்லிகன் காலத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு மேலான வெற்றிடத்தை உண்டாக்குகிறார்கள். அப்போதுதான் தூய பரப்பு மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். ஆர்கான் அயனிகளால் பரப்பை அரித்தெடுப்பது ஒரு வழி. அடுக்கடுக்கான படிகம் என்றால், அதன் தலையில் ஒரு சிறு குச்சியைப் பசையால் ஒட்டிக் கலத்துக்குள் அனுப்பி, வெற்றிடம் வந்த பிறகு வெளியிலிருந்து இயக்கும் கோலால் அந்தக் குச்சியைத் தட்டிவிடுவார்கள். மேலடுக்கு குச்சியோடு பெயர்ந்துபோகும், அடியில் புதிய முகம் தெரியும். அளவீட்டை உடனே தொடங்கிவிடுவார்கள்.